சிரித்தவர்களை வெளியே அனுப்புகிறவர்

"குதிங்க" என்றார் வெர்ன் கோஸ்லர்.

நீதிபதி வேடம் கட்டியிருந்த பெரியவர் கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். கிலுங் என்றது.

"சாவிக்கொத்து. எடுத்து வெளியில வைங்க. இன்னொரு தடவை குதிங்க."

இந்த முறை சத்தமில்லை. வெர்ன் கம்பளிச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினார். கதாநாயகி டெல்ஃபின் ஹார்ட்டின் உள்பாவாடை சரசரக்கிறது என்று அதை மாற்ற வைத்தது காலையிலேயே நடந்துவிட்டது. செட்டின் கூரையில் வந்து உட்காரும் புறாக்களை விரட்டத் துடைப்பத்தோடு ஓர் ஆளும் மேலே ஏறியாகிவிட்டது.

ஹாலிவுட்டில் படங்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து வெர்ன் ஒலிப்பதிவாளர். அதற்கு முன் தொலைபேசிக் கம்பெனியில் இருந்தார். வீட்டுக் கடிகாரத்தைக் கம்பளித் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிற மனிதர். மத்தியானச் சாப்பாடு முட்டை வைத்த ரொட்டி. பக்கத்தில் யாராவது கேரட்டைக் கடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவர் தலையில் ஸ்டூடியோ கட்டுவதெல்லாம் நகைச்சுவைப் படங்கள்தான். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி, அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒருத்தன், நடுவில் ஏதாவது ஒரு பிராணி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படபடவென்று பேசுவார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா கத்தினா நான் எதைத்தான் பதிவு பண்றது?" என்று டைரக்டர் ஹாலிடேயிடம் அன்றும் கேட்டார்.

"உங்க வீட்ல புருஷன் பொண்டாட்டி எப்படிப் பேசிக்கிறீங்க, வெர்ன்? அந்த மாதிரிதான்."

"எங்க வீட்ல இர்மா மட்டும்தான் பேசுவா. சுத்தமா கேக்கும். அழுகைப் படம் ஒண்ணு குடுங்கய்யான்னு எத்தனை வருஷமா கேக்குறேன். அழறவங்க ஒவ்வொருத்தரா அழறாங்க."

பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்வார். சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியாது. தியேட்டரில் ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் இங்கே ஒரு லைட்காரன் முந்திக்கொண்டு சிரிப்பான், டேக் பாழ். அதனால் காலையில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்துவிடுவார். "சிரிப்பு வந்தா வாயில திணிச்சுக்குங்க." மீறிச் சிரித்தவர்கள் வெளியே போய், வெயிலில், மணல் வாளி தொங்கும் சுவரோரம் நிற்க வேண்டும். காட்சி முடிகிறவரை உள்ளே வரக்கூடாது. கடைசி வசனம் முடிந்தபின் சிரித்தாலும் அதே தண்டனை, அந்த டேக்கும் சரியில்லை என்பார். சிரிப்பு விழுந்த கடைசித் துண்டை, அந்த வாலை மட்டும் வெட்டிவிடலாமே என்று யாராவது சொன்னால், "இன்னிக்கு வால்ல சிரிப்பான், நாளைக்குத் தலையில சிரிப்பான்" என்பார்.

அன்று தச்சர் கஸ் பத்து மணிக்கே சுவரோரம் போய்விட்டார். காட்சி இதுதான்: டெல்ஃபின் கம்பளிக் கோட்டுக்குள் ஒரு வாத்தை ஒளித்துக்கொண்டு, தன்னிடம் வாத்தே இல்லை என்று நீதிபதியிடம் சத்தியம் செய்ய வேண்டும். கதாநாயகன் கிளேட்டன் வேல் பக்கத்தில் நின்று அதற்கு நேர்மாறாகப் பேசுவார். சரியான நேரத்தில் வாத்து கத்த வேண்டும். கத்த வேண்டியபோது அது தூங்கியது. கிளேட்டன் வசனத்தை ஆரம்பித்தபோது கத்தியது. வெர்ன் தலையில் அடித்துக்கொண்டார்.

"சரியில்லை. வாத்து வசனத்து மேல ஏறிடுச்சு."

"சரியில்லை. யாரோ மூக்குறிஞ்சினாங்க."

விளக்குகளின் வெக்கையில் டெல்ஃபினின் மேக்கப் வழிந்தது. மின்விசிறி போடக்கூடாது, அதற்கும் சத்தம் உண்டு. அவளுடைய முந்தைய படங்கள் இரண்டும் படுத்துவிட்டன. இந்தக் காட்சி இன்று சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் அவளை எடுத்துவிட்டு வேறு பெண்ணைப் போடுவதாக ஆபீஸிலிருந்து சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண் நேற்றே வந்து இதே கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். செட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

டெல்ஃபின் வாத்தோடு வெர்னின் மேசைக்கு வந்தாள். "மிஸ்டர் கோஸ்லர், கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதா? எனக்கு இனிமே வேற படம் கிடையாது."

"எனக்கும் வருத்தமாத்தாம்மா இருக்கு. மைக்குக்கு இரக்கம் கிடையாது. கேக்குறதைத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அவள் திரும்பி நடந்ததைப் பார்த்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் ஹெட்ஃபோனை இழுத்து மாட்டிக்கொண்டார். கதவிடுக்கில் வெயில் மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஒரு டேக்குக்குத்தான் நேரம்.

கிளாப் அடித்தது. டெல்ஃபினும் கிளேட்டனும் போட்டி போட்டுக்கொண்டு பொரிந்தார்கள். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. வாத்து கத்த வேண்டிய இடம் வந்தது. வாத்து கத்தவில்லை. ஹாலிடே கையைத் தூக்கி நிறுத்தப் போனார்.

அப்போது டெல்ஃபின் கத்தினாள். வாய் அசையவில்லை, முகம் அசையவில்லை. மூக்கும் தொண்டையுமாக அசல் வாத்துக் குரல். கத்திவிட்டு மெதுவாகக் கிளேட்டன் பக்கம் திரும்பி, "சளி பிடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று கரிசனமாகக் கேட்டாள்.

அதுதான் காட்சியின் கடைசி வசனம். லைட்காரர்கள் அத்தனை பேர் வாயிலும் கைக்குட்டை. அந்த நிசப்தத்தில், குக்கர் மூடி கிளம்பியதுபோல ஒரு சிரிப்பு வெடித்தது.

"கட்" என்றார் ஹாலிடே. "யாருய்யா சிரிச்சது?"

டெல்ஃபின் கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டுக்குள் வாத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வெர்ன், சவுண்டு?"

வெர்ன் ஹெட்ஃபோனைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது.

"சரியா இருக்கு. வசனம் முடிஞ்சப்புறம்தான் சிரிப்பு. வாலை வெட்டிக்கலாம்."

டெல்ஃபின் அப்படியே தரையில் உட்கார்ந்து வாத்தின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். வெர்ன் தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சின்னக் கதவைத் திறந்து வெளியே போனார்.

மணல் வாளிக்குக் கீழே கஸ் உட்கார்ந்திருந்தார். வெர்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். வெர்ன் சுவரில் சாய்ந்தார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார்.