ஹிசாயே அக்காவோட ஞாயிற்றுக்கிழமைக் குரல்

எங்க பல் ஆஸ்பத்திரி வரவேற்புல உட்கார்ந்திருக்கிற ஹிசாயே அக்கா பேசுறது காதுல விழணும்னா நாமதான் கொஞ்சம் குனியணும். அவ்வளவு மெல்லிசான குரல். ஊசின்னு சொன்னதும் கை கால் நடுங்குற தடித்தடி ஆம்பளைங்க கூட, அக்கா வந்து "ஒண்ணும் ஆகாதுங்க"ன்னு சொன்னா வாயத் திறந்துருவாங்க. நான் அங்க பல் சுத்தம் பண்ற வேலை பார்க்குறேன். அக்கா ஒரு நாள் கூட யாரையும் அதட்டி நான் பார்த்ததில்ல.

அந்த அக்கா ஒரு தடவை, "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்க ரிட்சு, மல்யுத்தம் பார்க்க வர்றியா"ன்னு கூப்பிட்டாங்க. ஒசாக்காவுல பொறந்து வளர்ந்திருந்தாலும் அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்ல. ரயில் பாலத்துக்குக் கீழ ஒரு சின்ன ஹால். பொம்பளைங்க மல்யுத்தம். மேல ரயில் போறப்போ எல்லாம் விளக்கு ஆடுது. முதல் வரிசையில உட்கார்ந்தோம். மூஞ்சியில பாதிக்குக் கறுப்பு மை பூசிக்கிட்டு, கையில இரும்புச் சங்கிலியோட ஒருத்தி வந்தா. பேரு மாமுஷி. எங்க ஊர்ல விரியன் பாம்புக்கு அதுதான் பேரு. அவ வந்ததுதான் தாமதம், என் பக்கத்துல இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு.

"அடியே மாமுஷி! சாக்கடையில கிடந்தவளே! நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?"

ஹிசாயே அக்கா நாற்காலி மேல ஏறி நின்னுக்கிட்டிருந்தாங்க. கழுத்து நரம்பு புடைச்சு நிக்குது. நான் பயந்தே போயிட்டேன். ஏதாவது பேய் கீய் பிடிச்சிருச்சோன்னு நிஜமாவே நினைச்சேன். மாமுஷி மேடைக் கயித்தைத் தாண்டி இறங்கி நேரா எங்க முன்னாடி வந்து நின்னு, வாய மூடு கிழட்டுக் கழுதைன்னு திட்டுறா. அக்கா பதிலுக்குத் திட்டுறாங்க. ஹாலே குலுங்குது. ஆட்டம் முடிஞ்சதும் அக்கா உட்கார்ந்து, கைக்குட்டையால வாயத் துடைச்சுக்கிட்டு, "டீ குடிக்கிறியா ரிட்சு"ன்னு அதே பழைய மெல்லிசுக் குரல்ல கேட்டாங்க.

அப்புறம் மாசா மாசம் நானும் போக ஆரம்பிச்சுட்டேன். பழகிப் போச்சுன்னு வெச்சுக்கோங்களேன்.

மல்யுத்தத்தைப் பத்தி அக்காவுக்கு இருக்கிற கறார், வேற எதுலயும் கிடையாது. டிவியில வர்ற பெரிய கம்பெனி ஆட்டம் அவங்களுக்குப் பிடிக்காது. பட்டாசு வெடிக்கிறதுலயே பாதி நேரம் போயிருது, அடி விழுற சத்தம் கேட்க மாட்டேங்குதுன்னு சொல்லுவாங்க. போன்ல படம் எடுத்துக்கிட்டே ஆட்டம் பார்க்கிறவங்களைக் கண்டா ஆகாது. அழகா இருக்கிற புதுப்பொண்ணுங்களை மட்டும் பார்க்க வர்ற ஆளுங்களுக்கு அவங்க வெச்சிருக்கிற பேரை இங்க சொல்ல முடியாது. எல்லாம் முன்கூட்டியே பேசி வெச்ச நடிப்புதானேன்னு எங்க டாக்டர் ஒரு தடவை சிரிச்சார். அக்கா சிரிச்ச முகம் மாறாம, "விழுறது நிஜம்தானே டாக்டர், நீங்க ஒரு தடவை முதுகு அடிபட விழுந்து காட்டுங்களேன்"ன்னு கேட்டாங்க. மனுஷன் அன்னைக்கு முழுக்க எங்க பக்கம் திரும்பவே இல்ல.

ஆனா எல்லாரையும் விட அவங்களுக்கு ஆகாதவங்க, வில்லிக்குக் கைதட்டுறவங்கதான். எனக்கு எல்லாம் தெரியும், அவ நிஜத்துல நல்லவன்னு எனக்குத் தெரியும்னு காட்டிக்கிறதுக்காகவே சில பேர் மாமுஷிக்குக் கைதட்டுவாங்க. அக்காவுக்குப் பத்திக்கிட்டு வரும். நல்லவளுக்குக் காகித ரிப்பன் எறியலாம், பூ குடுக்கலாம். வில்லிக்குக் குடுக்க நம்மகிட்ட வெறுப்பு மட்டும்தான் இருக்கு, அதைக் கை நிறையக் குடுக்கணும்னு சொல்லுவாங்க. நல்லவளா வர்ற அயாமேவுக்கு மஞ்சள் ரிப்பன். எறிஞ்சா மேல பட்டு வலிக்கக் கூடாதுன்னு, உள்ள இருக்கிற அட்டைக் குழாயை உருவிட்டு மறுபடி சுத்தி வெப்போம். அது என் வேலை. மாமுஷிக்கு ரிப்பன் எறிஞ்சவங்க யாருமில்ல.

இப்ப நான் சொல்ல வந்தது செப்டம்பர் மாசத்து ஆட்டம்.

அன்னைக்கு அக்காவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில வயசான அம்மா ஒருத்தங்க வந்து உட்கார்ந்தாங்க. வெயில்ல கறுத்த முகம், நல்ல நாள்ல மட்டும் போடுற கோட்டு, மடியில கனமான பை. பேரிக்காய்க்குப் பேர் போன தொட்டோரி பக்கத்துல இருந்து பஸ்ல வந்தேன்னு சொன்னாங்க. பேரு குனியே. எங்க தோட்டத்துக் காய்தான்னு சொல்லி, தோல் சீவித் துண்டு போட்ட பேரிக்காயை டப்பாவோட நீட்டினாங்க. என் பொண்ணு இங்கதான் வேலை பார்க்குறா, இன்னைக்குத்தான் முதல் தடவையா வந்திருக்கேன்னாங்க. டிக்கெட் கிழிக்கிற இடத்துல நிக்கிற பொண்ணா இருக்கும்னு அக்கா நினைச்சுக்கிட்டாங்க. நானும்தான். பேரிக்காய் அப்படி இனிச்சுது. அக்கா மூணாவது துண்டை வாயில போட்டுக்கிட்டிருக்கும்போது மணி அடிச்சு ஆட்டம் ஆரம்பிச்சுது.

அயாமேவுக்கு ரிப்பன் எறிஞ்சு முடிஞ்சுது. மாமுஷி வந்தா. வந்த வேகத்துல மேடைக்கு அடியில கிடந்த எண்ணெய் டின்னை இழுத்து, முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன அயாமே தலையில நச்சுன்னு போட்டா. அக்கா துள்ளி எழுந்தாங்க.

"அடியே மாமுஷி! உன்னையெல்லாம் ஒருத்தி பெத்தாளா? உன்னைப் பெத்தவ யாருடி, இங்க வரச் சொல்லுடி!"

பக்கத்துல இருந்து, "நான்தாங்க"ன்னு ஒரு குரல்.

நான் சிரிச்சுட்டேன். ஒசாக்காவுல வளர்ந்தவளுக்கு அது நல்ல ஜோக்காத்தானே தெரியும். ஆனா குனியேம்மா சிரிக்கல. மடியில இருந்த டப்பாவை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மேடையவே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "அது எங்க மிசுஹோங்க. மை பூசியிருந்தாலும் மூக்கு அவங்கப்பா மூக்கு"ன்னாங்க.

அக்காவைப் பார்த்தேன். பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாங்க. வாயில அந்தம்மா குடுத்த பேரிக்காய். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. சுத்தி இருக்கிற ஜனமெல்லாம் செத்துப்போடி மாமுஷின்னு கத்துது. அக்கா மெதுவா உட்கார்ந்தாங்க.

குனியேம்மா கோபப்படல. கோபப்பட்டிருந்தாக் கூடத் தாங்கியிருக்கலாம். ஊரே என் பேரைச் சொல்லிக் கத்தும்மான்னு போன்ல சொல்லுவா, பொய் சொல்லலை, கத்தத்தான் செய்றீங்கன்னு சொன்னாங்க. அப்புறம் பையத் திறந்து பஸ் டிக்கெட்டைக் காட்டினாங்க. சாயங்காலப் பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட். ஒரு தடவை நேர்ல வந்து பார்க்குறேன், எனக்கு மனசு ஒப்பலேன்னா எல்லாத்தையும் விட்டுட்டு என் கூட வந்துரணும்னு சொன்னதுக்கு, மகளும் சரின்னு ஒத்துக்கிட்டாளாம். இன்னைக்கு வர்றேன்னு மட்டும் மகளுக்குச் சொல்லல.

"இத்தனை பேர் வெறுக்கிற இடத்துல என் பிள்ளைய விட்டுட்டு நான் எப்படிங்க போறது?"

எனக்கு அக்கா மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. இவங்க வாயால ஒருத்தி பொழைப்பே போகப் போகுதேன்னு. அந்த வாய் அன்னைக்கு இறுகிப் போய்க் கிடந்துச்சு.

அக்கா வாய மூடினதுல என்ன ஆச்சுன்னா, ஆட்டம் படுத்துருச்சு. எப்பவும் அக்கா ஆரம்பிச்சுத்தான் மத்தவங்க பிடிச்சுக்குவாங்க. அன்னைக்குக் கத்தல் அங்கொண்ணும் இங்கொண்ணுமா வந்து அடங்கிருச்சு. மேடையில மாமுஷி சங்கிலியச் சுழட்டுறா, எச்சில் துப்புறா, ஒண்ணும் எடுபடல. ஒருத்தன் கொட்டாவி விடுறது எனக்குக் கேட்டுச்சு. அவ திரும்பித் திரும்பி எங்க மூலையப் பார்க்குறா.

அப்பத்தான் ஹிசாயே அக்கா குனியேம்மா பக்கம் சாய்ஞ்சு, அந்த ஆஸ்பத்திரிக் குரல்ல பேசினாங்க. "அம்மா, உங்க பொண்ணுக்கு இங்க யாரும் ரிப்பன் எறிய மாட்டோம். அவ கேக்குறது இந்தத் திட்டைத்தான். ஹால் முழுக்கத் திட்டினாத்தான் அவ ஜெயிச்ச மாதிரி. என்னை மாதிரி அவளைக் கவனிச்சுப் பார்க்கிற ஆள் இந்த ஊர்ல கிடையாதும்மா. இப்போ நான் கத்தலை. பாருங்க, அவ தனியா நிக்கிறா."

குனியேம்மா மேடையவே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

மாமுஷி கீழ இறங்கினா. வழக்கம் போல எங்க முன்னாடி வந்து நின்னு, என்ன கிழவி நாக்கு அறுந்து போச்சான்னு அக்காவை வம்புக்கு இழுத்தா. அக்கா தலைய நிமிர்த்தல. அப்பத்தான் அவ கண்ணு பக்கத்து நாற்காலிக்குப் போச்சு. கையில இருந்த சங்கிலி நழுவிக் கீழ விழுந்துச்சு. மைக்கு நடுவுல அந்தக் கண்ணு ரெண்டும் சின்னப் பிள்ளை கண்ணு மாதிரி ஆயிருச்சு. பின்னாடி அயாமே மேடையில நின்னுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறா. ஹால் மொத்தமும் அமைதி. மேல ஒரு ரயில் போச்சு. ஐயோ, எல்லாம் போச்சு, இந்தப் பொண்ணு இப்போ அழுதுருவா, இத்தோட தீர்ந்துச்சுன்னு நினைச்சேன்.

குனியேம்மா டப்பாவை என் மடியில வெச்சுட்டு எழுந்தாங்க.

"ஏய் மாமுஷி! வெக்கமா இல்ல உனக்கு? பின்னாடி இருந்து டின்ன எடுத்து அடிக்கிறியே, கையில தெம்பு இல்லாதவளே! நேருக்கு நேரா மோதத் துப்பு இருக்காடி உனக்கு?"

தோட்டத்துச் சரிவுல இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகின தொண்டை. அக்கா கத்துறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஹிசாயே அக்கா வாயப் பொளந்துக்கிட்டுப் பார்க்குறாங்க.

மாமுஷி அம்மாவையே பார்த்துக்கிட்டு நின்னா. தாடை நடுங்குறது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. பிறகு குனிஞ்சு சங்கிலிய எடுத்து, மூக்கை ஒரு தடவை புறங்கையால துடைச்சுக்கிட்டு, தன்னைப் பெத்தவ மூஞ்சிக்கு நேரா, "வாய மூடு கிழவி! உன்னைத்தான் முதல்ல கடிச்சுக் கொல்லுவேன்!"னு கத்தினா.

அடேயப்பா, ஹால் பத்திக்கிச்சு. வயசான அம்மாவைப் போய் இப்படிப் பேசுறாளே பாவின்னு, கொட்டாவி விட்ட ஆள் கூட எழுந்து நின்னு திட்டுறான். அவ்வளவு பெரிய ஊளைச் சத்தத்தை அந்த ஹால் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. மாமுஷி மேல ஏறிப்போய் ஆடினா பாருங்க ஒரு ஆட்டம், அயாமே ஜெயிச்சதே பெரிய காரியம். ரெண்டு வரிசை தள்ளி இருந்த ஒருத்தர் குனியேம்மாகிட்ட வந்து, மனசுல வெச்சுக்காதீங்கம்மா, அவ பொறந்ததுல இருந்தே அப்படித்தான்னு ஆறுதல் சொன்னார். "ஆமாங்க, பொறந்ததுல இருந்தே அப்படித்தான்"னு அந்தம்மா தலையாட்டினாங்க. கன்னத்துல தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு, ஆனா சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

ஆட்டம் முடிஞ்சா வாசல்ல மேஜை போட்டு அவங்கவங்க போட்டோ விப்பாங்க. மாமுஷி அங்கேயும் சிரிக்க மாட்டா, திட்டிக்கிட்டேதான் கையெழுத்துப் போடுவா. குனியேம்மா வரிசையில நின்னு போனாங்க. என்ன வேணும் கிழவின்னு அவ உறுமினா. ஒரு போட்டோ, கையெழுத்தோடன்னாங்க அந்தம்மா. பேனா அப்படி ஆடுச்சு, எழுதினது புழு நெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. எழுதி முடிச்சதும், பேரிக்காய்ப் பை மொத்தத்தையும் மேஜை மேல வெச்சுட்டு நகர்ந்துட்டாங்க.

பஸ் ஏத்திவிட நாங்க ரெண்டு பேரும் போனோம். ரெண்டாவது டிக்கெட்டை என்ன பண்ணப் போறீங்கன்னு நான் கேட்டேன். அந்தச் சீட்டுல கால நீட்டிக்கிட்டுப் போறேன்னு சொன்னாங்க. ஏறப் போனவங்க திரும்பி ஹிசாயே அக்கா கையப் பிடிச்சாங்க.

"இனிமே காய் பறிக்கிற வேலை, என்னால வர முடியாது. என் பங்குக்கும் சேர்த்து நீங்க திட்டிருங்க."

அக்கா தலைய ஆட்டினாங்க.

அடுத்த மாசம், பெத்தவளை இழுக்கிற அந்தப் பேச்சை அக்கா விட்டிருப்பாங்கன்னு நம்பித்தான் நான் போனேன். மாமுஷி அயாமே கழுத்துல கால வெச்சா. அக்கா நாற்காலி மேல ஏறினாங்க. "உன்னைப் பெத்தவ யாருடி, வரச் சொல்லுடி!" எனக்கு உயிரே போயிருச்சு. மறுபடியுமா அக்கான்னு சட்டையப் பிடிச்சு இழுத்தேன். அக்கா குனிஞ்சு, "இது என்னோடது இல்ல ரிட்சு, அந்தம்மா பங்கு"ன்னாங்க.

இத்தனை வருஷத்துல அந்த ஒரு திட்டுக்கு மட்டும் மாமுஷி பதில் சொன்னதே இல்லையாம். அன்னைக்கு அயாமே கழுத்துல இருந்து காலை எடுக்காமலே எங்க பக்கம் திரும்பினா.

"வரமாட்டா! காய் பறிக்கப் போயிருக்கா!"

ஹால்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. இருந்தாலும் எல்லாரும் சேர்ந்து அவளைத் திட்டினாங்க.