மூடிய கண்ணுக்குள் எடுத்த படம்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான் படிப்பு. ஆனாலும் ஆரம்பாக்கத்தில் கண் முகாம் போட்டபோது, எழுத்து தெரியாதவர்களுக்கான அட்டையைக் காட்ட வந்த பெண்ணிடம், "எனுக்கு எழுத்தே காட்டும்மா" என்று சொல்லிவிட்டேன். அப்போதே வலது கண்ணில் புகை மாதிரி மறைத்தது. முன்னால் நின்றவர்கள் சொன்னதைக் காதில் வாங்கி வைத்திருந்தேன். இடது கண்ணை மறைத்ததும் அதையே கடகடவென்று ஒப்பித்தேன். பார்வை நன்றாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பெருமையாகத்தான் வீடு வந்தேன்.

இரண்டு மாதத்தில் அந்தக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சமே ஆகாமல் போயிற்று. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்யும் மருமகள் லீவு போட்டு, ரயிலேற்றி, சென்னையில் பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, "ரெண்டு மாசம் முன்னாடி நல்லாதான் இருந்திருக்கு" என்றார். அதை நம்பி வைத்தியம் செய்தால் கண்ணே போய்விடுமோ என்று பயந்து, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா அத்தே, கண்ணு டெஸ்ட்டுல காப்பி அடிச்சிகினு வந்துகீறீங்களே!"

கண்ணுக்குள் ஒரே கலங்கல். விளக்கு அடித்தும் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அங்கிருந்த பெண் கண்ணை மூடச் சொல்லி, இமைமேல் ஜில்லென்று பசை தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்தாள். மூடிய கண்ணாலேயே மேலே பார், கீழே பார் என்றாள். எழுத்தைப் படி என்று சொல்லவில்லை. பிறகு படத்தை ஓடவிட்டுக் காட்டினாள். கறுப்பு வட்டத்துக்குள் ஒரு கொப்புளம், அதற்குள் வெள்ளைப் புள்ளி. புள்ளி அசைந்தது.

"பன்னிக்கறியால பரவுற நாடாப்புழுவோட குட்டி. உயிரோட இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"எங்க ஊட்டுல பன்னிக்கறி வாசனையே ஆவாது!"

"சாப்பிடாதவங்களுக்கும் வரும்மா. புழு முட்டை ஒட்டின, சரியாக் கழுவாத காய், கீரை போதும்."

தோட்டத்து முள்ளங்கியைப் புடவையில் துடைத்துத் தின்கிறவள் நான்.

மாத்திரை கொடுத்துப் புழு உள்ளேயே செத்தால் வீக்கம் இன்னும் கூடும் என்று, ஆபரேஷன் செய்து முழுசாக எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று மருமகள் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து நின்றாள்.

"இன்னா தெர்து அத்தே?"

"நீலமா ஒரு மூட்டை தெர்து."

"நானு மூட்டையா?" என்று சிரித்தவள், என் முந்தானையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கண்ணில் முகங்கள் இன்றும் கொஞ்சம் கலங்கித்தான் தெரிகின்றன. யார் முகம் என்று தெரிகிறது, அது போதும். டாக்டரம்மாவும், ஸ்கேன் எடுத்த பெண்ணும், என்னை ரயிலேற்றியவளும் நன்றாக இருக்க வேண்டும்.