ஊசி அவளுக்கு, வெட்கம் அவருக்கு

குழந்தை வேண்டி டொக்டரிடம் வருவது கணவனும் மனைவியும் என்றுதான் நான் படித்த புத்தகங்களில் இருந்தது; கல்முனையில் கிளினிக் திறந்த பிறகுதான், வருவது மனைவியும் அவளுடைய உம்மாவும் மாமியும் ஓட்டோக்காரரும் என்று தெரிந்துகொண்டேன்.

நான் செய்வது ஐ.வி.எஃப். வைத்தியம். முட்டையையும் விந்தணுவையும் வெளியே சேர்த்துக் கருவாக்கி உள்ளே வைப்பது. அதிலும் கொஞ்சம் மென்மையான வகை. பெண்ணின் உடம்பில் ஊசியாகக் கொட்டி ஒரேயடியாக இருபது முட்டை பிடுங்குகிற வேலை என்னிடம் இல்லை. அவள் உடம்பு அந்த மாதம் தானாகத் தருகிற ஒன்றையோ இரண்டையோ, கொஞ்சம் மருந்தோடு பக்குவமாக எடுப்பேன். எல்லாருக்கும் இது பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்கு வைத்தியம் முடிகிறபோது உடம்பாவது மிஞ்சும்.

கல்யாணம் முடித்த முதல் பெருநாளிலேயே வயிற்றைப் பார்த்து “இன்னும் ஒண்டுமில்லையா?” என்று கேட்கப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் நானும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். உங்களுக்கு அழுகை வந்திருக்கும், எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு ஒரே குடும்பத்தால் வந்தது. அந்தக் கணவனும் மனைவியும் “எழுதுங்க டொக்டர்” என்று சொன்ன பிறகு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன். அவர்கள் பேசியதை மாற்றவில்லை.

யானைக் காவல்

ஜெஸீமா மருதமுனைப் பெண். வீட்டில் தறி போட்டு, ஆண்கள் உடுக்கிற சாரம் நெய்கிறவள். முதல் நாள் மாமியோடு வந்தாள். மாமியின் பெயர் சுலைஹா உம்மா, ஊர் சம்மாந்துறை. எங்கள் கரையோரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிபோவார். சுலைஹா உம்மாவின் மகன் நவாஸும் அப்படித்தான் சம்மாந்துறையிலிருந்து மருதமுனைக்கு வந்தவர். மருமகளை டொக்டரிடம் காட்டுவதற்கு இந்த மனுஷி பஸ் மாறி ஏறி வரமுடிந்தது. கூடவே குடியிருக்கிற மகனால் வரமுடியவில்லை.

“அவர் எங்கே?” என்று கேட்டேன். வெள்ளாமை வெட்டுக்குப் போய்விட்டார் என்றார் மாமி. அடுத்த முறை உழவு. அதற்கடுத்த முறை விதைப்பு. பிறகு ஒரு நாள், வயலுக்குள் யானை இறங்குகிறது, பரணில் காவலுக்கு இருக்கிறார் என்றார். வயல் வேலைகள் எல்லாம் தீர்ந்துபோய் யானை வரைக்கும் வந்துவிட்டோம், ஒரு சின்னப் போத்தலில் விந்து எடுத்துக் கொடுக்க மட்டும் அந்த மனிதருக்கு நேரமில்லை. அவரைப் பரிசோதிக்காமல் இந்தப் பெண்ணுக்கு ஒரு குளிசைகூட எழுத மாட்டேன் என்றேன்.

சுலைஹா உம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தார். மகனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்கு வரிப்பத்தான்சேனையில் ஓர் இடம் பார்த்தாகிவிட்டதாம். பெண் வீட்டுக்காரர் வீடும் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். கூரை ஏறுவதற்குள் இவள் வயிற்றில் ஏதாவது தங்கினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மகன் அங்கே குடிபோய்விடுவான் என்று, மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். ஜெஸீமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. உங்கள் மகனிடம் குறை இருந்தால் புது வீட்டிலும் இதே கதைதானே என்று கேட்டேன்.

“அவன் ஆம்புளப் புள்ள டொக்டர், அவன்ல என்னத்தைப் பாக்கிற?”

கடை நடத்துகிறவர்

அவளை ஸ்கேன் செய்தபோது இன்னொரு கதை வெளியே வந்தது. என்னிடம் வருவதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு டொக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் கணவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் முட்டை வளர ஊசி போட்டிருக்கிறார். வளரவில்லை என்று இன்னும் கூட்டியிருக்கிறார். கடைசியில் சூலகம் வீங்கி, வயிறு முழுக்க நீர் கட்டி, மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அப்போதும் பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பார்த்து “விசேஷமா?” என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த டொக்டர் எனக்குத் தெரிந்தவர்தான். போனில் பிடித்தேன். ஒரு பெண்ணைச் சாகிற இடம் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறீர்களே, கணவனுக்கு ஒரு பரிசோதனை எழுத உங்களுக்கு என்ன கையா வலித்தது என்று கேட்டேன். நியாயமாகப் பார்த்தால் அவர் என்னோடு சண்டைக்கு வந்திருக்கவேண்டும். அவரோ தங்கச்சிக்குப் புத்தி சொல்வதுபோல அன்பாகப் பேசினார்.

“ஆம்பிளைகளுக்கு டெஸ்ட் எண்டு எழுதினா அவங்க வேற டொக்டரத் தேடிப் போயிருவாங்க, நீங்களும் கடை நடத்தத்தானே வேணும், டொக்டர்?”

எஞ்சின் திறந்து பார்க்க வந்தவர்

சில வாரம் கழித்து ஒரு பெரிய மனிதர் வந்தார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சேர்ட். கூடப் பெண் யாரும் இல்லை. சந்தோஷமாக இருந்தது, கடைசியில் ஓர் ஆண் தானாக வந்துவிட்டார் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டேன். அவர் வரிப்பத்தான்சேனைக்காரர். மகளுக்கு வீடு கட்டுகிறவர். நவாஸை மருமகனாக எடுக்க இருப்பவர்.

சீமெந்தும் கம்பியும் விற்கிற விலையில் சுவர் எழுப்பியாகிவிட்டதாம், கூரைக்கு மரம் எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் தெரியவேண்டுமாம். நவாஸின் மனைவி என்னிடம் வருவதாகக் கேள்விப்பட்டாராம். குறை அவளிடமா, பொடியனிடமா? என்னிடம் வருகிறவர்களைப் பற்றி நான் யாரிடமும் பேசமாட்டேன் என்றேன். உண்மையில் சொல்வதற்கும் ஒன்றுமில்லை, மாப்பிள்ளை இன்னும் யானைக் காவலில்தான் இருந்தார். உங்கள் மகளுக்கு இது சம்மதமா என்று கேட்டேன். அது அவளிடம் கேட்கிற விஷயம் இல்லை என்றார். அங்கே ஜெஸீமாவின் தலையில் கல் விழப்போகிறது, இங்கே இவர் கூரைக்கு மரம் தேடுகிறார். ரதினி கதவைத் திறந்து பிடித்தாள். பாண்டிருப்புக்காரி, என் நேர்ஸ். யாரை எப்போது அனுப்பவேண்டும் என்பது என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். அவர் வாசலில் நின்று, என் பிடிவாதம் தனக்குப் புரியவே இல்லை என்பதுபோல் கேட்டார்.

“செகண்ட் ஹேண்ட் டிரக்டர் வாங்கினாலும் எஞ்சினத் திறந்து பாத்துத்தானே வாங்கிற, டொக்டர்?”

வாசலில் வைத்த பேக்

அவர் வந்துபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கூரைக்கு மரம் இறங்கிய செய்தி ஜெஸீமாவுக்கு எட்டிவிட்டது. அந்த வாரம் மாமி இல்லாமல் தனியாக வந்தாள். நான் ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். நவாஸுக்கு நானே போன் எடுக்கிறேன், பள்ளிவாசல் தலைவரிடம் பேசுகிறேன், உன் வாப்பாவைக் கூட்டி வா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, அதெல்லாம் தேவையில்லை, அவர் நாளைக்கு வருகிறார் என்றாள். எப்படி என்றேன். காலையில் அவருடைய உடுப்பை மடித்து பேக்கில் போட்டு வாசலில் வைத்தாளாம். சத்தம் போடவில்லையாம், அழவில்லையாம். இவ்வளவு நாளும் அவளை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நானும் அவளோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்தேன். நவாஸ் குடியிருப்பது யாருடைய வீடு என்பது படித்த எனக்கு ஒரு தடவைகூட மண்டையில் ஏறவில்லை.

“இந்த வீடு எண்ட பேர்லதான் இரிக்கி டொக்டர், டெஸ்ட் குடுத்துட்டு உள்ளுக்கு வாங்க, இல்லாட்டி உங்கட உம்மாட வீட்ட போங்க எண்டு சொல்லிப்போட்டன்.”

ஒரு போகத்துக்கு ஒன்று

நவாஸ் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். விந்தணு மிகக் குறைவு, இருப்பவையும் மெதுவானவை. இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெஸீமா அவர் முழங்காலில் கை வைத்தாள். இத்தனை வருடம் மலடி என்று பெயர் கேட்டவள், ஆறுதல் சொல்லும் வேலையையும் அவளே செய்தாள். 

முட்டைக்குள் ஒரு விந்தணுவை நாமே எடுத்து வைக்கலாம், அவளுக்கு அதிக ஊசி வேண்டாம் என்று சொல்லித் தொடங்கினோம். ஸ்கேனில் ஒரே ஒரு முட்டை நன்றாக வளர்ந்திருந்தது. நான் மகிழ்ந்துபோய்த் திரையைக் காட்டினேன். நவாஸ் அதை ஒரு வயலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு போகத்துக்கு ஒன்றுதானா என்றார். சித்தப்பா மகளுக்குக் கொழும்பில் பதினெட்டு எடுத்தார்களாமே என்றார். அத்தனை முட்டைக்கு ஊசி ஏற்றிய உடம்பு எப்படிக் கிடந்தது என்று உங்கள் மனைவியிடமே கேளுங்கள் என்றேன். இந்த முறையில் முட்டை எடுத்த மறுநாளே அவள் தறியில் இருக்கலாம் என்றும் சொன்னேன். தலையாட்டினார். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்து நான் கை கழுவப் போனபோது, ரகசியம் பேசுவதுபோல் கிட்ட வந்தார்.

“யூரியா கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பாப்பமா, டொக்டர்?”

வாங்கில் வைத்து

முதல் முறை கரு தங்கவில்லை. என் வைத்தியத்தில் இது நடக்கும், எந்த வைத்தியத்திலும் நடக்கும். ஆனால் வரிப்பத்தான்சேனையில் ஓடு ஏறிவிட்டது. சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன்.

அன்று சுலைஹா உம்மாவும் வந்திருந்தார். பரிசோதனையில் யாரிடம் குறை என்று மகன் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என் அறையிலிருந்து மூவரும் வெளியே போனதும், வாங்கு நிறைய இருந்த பெண்களுக்குக் கேட்கும்படி அவர் ஆரம்பித்தார். உவர் நிலத்தில் எதைப் போட்டாலும் முளைக்காது என்றார். மகனின் வாலிபம் வீணாகப் போகிறது என்றார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், அன்று வாயைக் கட்டுகிற உத்தேசமே எனக்கு இல்லை. ஆனால் நவாஸ் முந்திக்கொண்டார். சத்தமாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் கேட்டது. “உம்மா, குறை எனக்கு. இவள்ல ஒரு பிழையும் இல்ல. அந்த வீட்டுக்காரருக்கும் நானே போய்ச் சொல்லிப்போடுறன்” என்றார்.

வாங்கில் ஒருத்தி பிள்ளையைப் போல விம்மி அழுதாள். அவள் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஜெஸீமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை ஊசி குத்திக்கொண்டாள் என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சுலைஹா உம்மா மகனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணிலும் தண்ணீர்தான்.

“ஊருக்கு முன்னால எண்ட புள்ளைய இப்பிடிக் கதைக்க வெச்சிட்டீங்களே, நீங்களும் ஒரு டொக்டரா?”

போத்தல்

இரண்டாவது முறையும் ஒரு முட்டைதான். அது தங்கியது. இப்போது ஜெஸீமாவுக்கு ஐந்தாம் மாதம். புளிமாங்காய் கேட்டு நவாஸை அலைக்கழிக்கிறாள் என்று கேள்வி, நன்றாக அலையட்டும். சுலைஹா உம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மருமகளுக்கு மட்டும் பாலும் தேனும் அனுப்புகிறார்.

போன வாரம் நவாஸ் தனியாக வந்தார். தனியாக என்று நினைத்தேன், பின்னால் அவருடைய மச்சான் ஒருவர் ஒளிந்து நின்றார். நல்ல உயரம், மூடை தூக்குகிற தோள். கல்யாணமாகி நாலு வருடமாம். அவர் மனைவியும் ஊர் ஊராக ஊசி போட்டுக்கொண்டவள்தான், வயிற்றில் ஊசி குத்திய இடம் கன்றி ஆறாமல் இருக்கிறதாம். இனி அவளுக்கு ஒன்றும் போடவேண்டாம், முதலில் இவனைப் பாருங்கள் என்று நவாஸ் அவரை முன்னுக்குத் தள்ளினார். இந்தக் கதிரையில் ஓர் ஆண், மனைவியும் மாமியும் யானையும் இல்லாமல், தன்னைப் பரிசோதிக்கவென்று உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். ரதினி போத்தலைக் கொடுத்து, எந்த அறை, என்ன செய்யவேண்டும் என்று விளக்கினாள். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்.

“நோகுமா டொக்டர்?”

பெண்ணுக்கு நோகாத வைத்தியம் ஒன்று வேண்டும் என்று நான் இத்தனை வருடம் பாடுபட்டதில், நோகுமா என்று என்னிடம் முதன்முதலாகக் கேட்டவர், ஓர் ஊசிகூடக் குத்திக்கொள்ளாத ஓர் ஆண்.