சித்தூருக்கு நான் வராத காரணம்

விசாலாட்சி அம்மா காலமாகிவிட்டார் என்று அவர் மகன் சித்தூரிலிருந்து போன் செய்தபோது, நான் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு கோழி இறகு. "மத்தியானம் எடுத்துடுவோம், வந்துடுங்க" என்றார். பஸ் ஏறியிருந்தால் முகம் பார்த்திருக்கலாம். ஏறவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எழுத்துத் தெரியாதவன் நான். கண்டதை மட்டும் மறக்காதவன்.

அம்மா கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்தியவர். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் திருப்பதி மலைப்பக்கம் பேரீத மரத்தைத் தேடி வந்தார். ஆள் உயரத்துக்கு மேல் போகாத மரம். அடி கரிந்த தூண் மாதிரி, தலையில் ஈச்ச ஓலை மாதிரி. இந்த மலைத்தொடரை விட்டால் தானாக வேறெங்கும் முளைக்காது. வெயில் காயும் கல்சரிவில், புல்லுக்கு நடுவே நிற்கும். காட்டுத்தீ பட்டாலும் மறுபடி துளிர்க்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பூ அன்னாசி மாதிரி கூம்பாக இருக்கும். மருந்துக்கென்று அதை வாங்க ஆள் வரும். வெட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அம்மாவிடம் சொல்லவில்லை.

"எல்லாம் பொம்பள மரமாவே நிக்குதே, ஆம்பளப் பூவு எங்கய்யா?"

"எதிர் மலையில ஒண்ணு கீதும்மா."

அந்தப் பூ முற்றிய நாளில் அதைத் தட்டி, மஞ்சள் பொடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். இரண்டு மலைக்கும் நடுவே ரோடு, ரோட்டில் செக்போஸ்ட். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் பொடி வீண். பெண் மரம் பொடி ஏற்பதோ சில நாள்தான்.

அங்கே நின்ற காட்டிலாகா கார்டு என் இடுப்பு அரிவாளைப் பார்த்தார். தமிழ் பேசுகிறவன் அரிவாளோடு மலையிறங்கினால் அங்கே செம்மரம் வெட்ட வந்தவன்தான்.

"ஏமிரா, இன்னும் எத்தினி பேரு உள்ள கீறீங்க?" சட்டையைப் பிடித்துவிட்டார்.

அம்மா அனுமதிக் காகிதத்தை நீட்டினார்.

"இது உங்களுக்கு மேடம். இவனுக்கு?"

"அவரு என் ஆளு."

"பொட்டலத்தப் பிரிங்க."

காற்று மண்ணை வாரி அடித்தது. அம்மா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "பிரிச்சா ஒரு வருஷம் பறந்துபூடும் நைனா. மேல வா, உன் கண்ணெதிர்ல பிரிக்கிறேன். பொய்யா இருந்தா ரெண்டு பேரையும் ஜீப்புல ஏத்து."

"நான் மலை ஏறணுமா?"

"ஏன், முட்டி வலியா? எனக்கு அறுபத்தஞ்சு ஆவுது."

ஏறினார். மரத்தடியில் முதல் தூறல் விழுந்தபோது, என் சட்டையைப் பிடித்த அதே கைதான் குடை பிடித்தது. அம்மா இறகால் தொட்டுத் தொட்டுப் பூசி முடித்தார்.

இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "வெட்டின கை உன்னுதுன்னு மொத நாளே தெரியும்யா. மிச்சம் எங்க கீதுன்னு வெட்டினவனுக்குத்தானே தெரியும்? அதான் உன்னக் கூட்டினு வந்தேன்."

அதன்பின் நான் ஒரு பூவும் வெட்டவில்லை. அம்மாவுக்கு நடை தளர்ந்த பிறகு தனியாகவே ஏறினேன். அந்தப் பெண் மரத்தடியில் ஏழு கன்று முளைத்திருக்கின்றன. ஆணா பெண்ணா என்று போனில் கேட்டேன். "அது தெரியறதுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வயசு பத்தாதுய்யா" என்று சிரித்தார்.

அவர் போன அன்றும் ஆண் பூ பொடி உதிர்த்துக்கொண்டிருந்தது. அன்றும் வானம் கறுத்திருந்தது. பொட்டலத்தோடு ரோட்டுக்கு இறங்கினேன், அரிவாள் இல்லாமல். கார்டு என் பின்னால் பார்த்தார்.

"மேடம் வரலியா?"

சொன்னேன். உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

சித்தூரில் உங்களுக்குக் கொள்ளி வைத்த நேரம், நாங்கள் பூசி முடித்தோம். பொடி நனையவில்லை அம்மா. போய் வாருங்கள்.