மூன்றாம் மாடியின் லைட் போர்டு

ஏப்ரல் 5 – 1,560 யூனிட் – 12,480
மே 5 – 1,584 யூனிட் – 12,672
ஜூன் 5 – 1,548 யூனிட் – 12,384
ஜூலை 5 – 1,572 யூனிட் – 12,576
மொத்தம் – 6,264 யூனிட் – 50,112

இது ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தையல் கூடம் நடத்திய ஒரு அம்மாவிடம் வசூலித்த விளக்குக் கணக்கு. நான்கு மாதமும் எரிந்ததைப் போல் இரு மடங்கு. அந்த மீட்டரை மாட்டியவர் என் தங்கையின் கணவர்.

தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் 'டெஸ்டர்'. மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் டெஸ்டரைச் செருகியிருப்பார். கல்யாணப் போட்டோவில்கூட அதன் சிவப்புப் பிடி தெரிகிறது. பதினேழு வயதில் மின்போர்டு செய்யும் பேனல் பட்டறையில் தகட்டுக்குத் துளை போடச் சேர்ந்தவர், ஆறு வருடம் கழித்துத்தான் வயரைத் தொட்டார். அவர் கட்டிய போர்டைத் திறந்தால், தலைவாரிவிட்டதுபோல் வயர்கள் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். தன் வேலையை யாராவது சந்தேகப்பட்டால் அவருக்குப் பொறுக்காது. நல்ல மனிதர்தான், அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தலைக்கனம்.

அந்தக் கட்டடத்தில் நான்கு மாடி. மிஷினுக்கும் இஸ்திரிக்கும் தனி லைன், விளக்குக்குத் தனி லைன். விளக்குச் செலவைப் பரப்பளவுப்படி பங்கு போட்டதில் மாதாமாதம் சண்டை வந்தது. கட்டடக்காரர் டெஸ்டரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மாடியின் லைட் போர்டிலும் ஒரு எனர்ஜி மீட்டரும் ஒரு பவர் அனலைசரும் பொருத்தச் சொன்னார்.

"அனலைசர் எதுக்குய்யா? மீட்டர் போதாதா?" என்று நான் கேட்டேன்.

"மீட்டர் எவ்வளவு சாப்பிட்டான்னு மட்டும் சொல்லும் மச்சான். இது நாடி பிடிச்சுப் பார்த்து, சாப்பிட்டது செரிச்சுதான்னும் சொல்லும்."

இந்தக் கருவிகள் மின்சாரத்தை நேராக வாங்குவதில்லை. கம்பியைச் சுற்றி ஒரு வளையம் மாட்டுவார்கள், அதற்கு சி.டி. என்று பெயர். நூறு ஆம்பியர் வளையம், கம்பியில் நூறு ஓடினால் ஐந்தாகச் சுருக்கித் தரும். ஐம்பது ஆம்பியர் வளையம், ஐம்பது ஓடும்போதே ஐந்து தந்துவிடும். எந்த வளையம் என்பதை மீட்டரிலும் அனலைசரிலும் கையால் பதிய வேண்டும். அவை அந்த எண்ணை வைத்துத்தான் திரும்பப் பெருக்கிக் கொள்ளும்.

மார்ச் முதல் வாரம் மூன்று மாடிகள் முடிந்து, மூன்றாம் மாடிதான் பாக்கி. நூறு ஆம்பியர் வளையங்கள் தீர்ந்துவிட்டன. பையில் ஐம்பது இருந்தது, மாட்டினார். கருவிகளில் மட்டும் மற்ற மாடிகளைப் போலவே நூறு என்று இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து அந்த எண்ணை மாற்றலாம் என்று கீழே போனவரை, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கட்டடக்காரர் பிடித்துக்கொண்டார். அத்தோடு அது மறந்தே போயிற்று.

தையல்காரம்மா மூன்று மாதம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஐந்தாம் தேதிதோறும் கீழ்க்கூடத்தில் எல்லா மாடிக்காரர்களும் கூடும்போது ரீடிங்கை உரக்கப் படிப்பார்கள். ஜூலையில் டெஸ்டரும் அங்கே இருந்தபோது கட்டடக்காரர் வெளிப்படையாகவே கேட்டார்.

"அறுபது டியூப்லைட்டுக்கு இவ்வளவா? இஸ்திரிப்பெட்டிக்கு லைட் லைன்லேருந்து திருட்டு வயர் இழுத்திருக்கீங்க. நாளைக்குத் தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

"வந்து தேடிப் பாருங்க சார். ஒரு முழம் வயர் கிடைச்சா இன்னைக்கே காலி பண்றேன்." அந்த அம்மா டெஸ்டர் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க கிளாம்ப் போட்டு ஒருதரம் பாருங்கண்ணா. புண்ணியமா போகும்."

கம்பியைக் கவ்விப் பிடித்தால் உண்மையான ஆம்பியரைக் காட்டும் இடுக்கி அது. அப்போது அவர் பையிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எல்லோரையும் மேலே அழைத்துப் போய், போர்டின் கதவைத் திறந்து, மீட்டரையும் அனலைசரையும் விரலால் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் சொல்றாங்க. இதுக்கு மேல மூணாவது சாட்சி எதுக்கும்மா? கோர்ட்டா நடக்குது?"

கூட்டம் சிரித்தது. இரண்டு கருவிகளும் அதே வளையத்திலிருந்துதான் படிக்கின்றன என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வளையம் மாறியிருந்தால் இரண்டும் சேர்ந்தே தப்பாகச் சொல்லும். அது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. சிரிப்பு காதில் இனித்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் தையல்காரம்மா காலி செய்தார். படியில் மிஷின்கள் இறங்கும்போது யாரும் கை கொடுக்கவில்லையாம்.

செப்டம்பரில், காலிக் கூடத்துக்குப் புது விளக்கு போட டெஸ்டர் அதே போர்டின் உள்மூடியைக் கழற்றினார். வளையத்தில் பொறித்திருந்த ஐம்பதைப் பார்த்தார். நேராக வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டின் முன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சோத்துல என்ன கரண்டா பாயுது? கையை வைக்காம உக்காந்திருக்கீங்க" என்றாள் தங்கை.

"என்னால ஒருத்தி திருடின்னு பேர் வாங்கிட்டுப் போயிட்டா" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள்.

முதலில் கட்டடக்காரரிடம் போய்ச் சொன்னார். "நம்பரை மாத்திட்டு வாயை மூடிக்கிட்டுப் போங்க. இதைச் சொன்னா இந்தத் தெருவுல எவன் உங்களுக்கு வேலை குடுப்பான்?" என்று பதில் வந்தது. அதிகமாக வாங்கிய 25,056-ஐத் தர அவர் தயாராக இல்லை. டெஸ்டர் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்.

தையல்காரம்மா இப்போது தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது மிஷினோடு இருந்தார். முன்பு முப்பது. பேச்சுத் துணைக்கு நானும் போயிருந்தேன். டெஸ்டர் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கவரை நீட்டினார். அந்த அம்மா அதைத் தொடவில்லை.

"காசு போனது போச்சு. அன்னைக்கு அத்தனை பேரையும் சிரிக்க வெச்சீங்களே, அது எனக்கு இன்னும் காதுல கேக்குது. சிரிச்ச இடத்துலயே போய்ச் சொல்லுங்க. அப்புறமா காசைப் பத்திப் பேசலாம்."

"சொல்றேம்மா."

"என்கிட்ட சொல்ல வேணாம்."

அக்டோபர் 5 அன்று புறப்பட்டுப் போனார். கீழ்க்கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். "நேத்து ஃபோன்ல நல்லாத்தானே கத்துனீங்க?" என்று தங்கை கேட்டாள். அந்த மாதம் முழுவதும் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனார். சட்டைப் பையில் அந்தச் சிவப்புப் பிடி இல்லை.

நவம்பர் 5 அன்று ரீடிங் படித்து முடிந்ததும் எழுந்து நின்றார். ஐம்பது, நூறு என்று தொடங்கினார், ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு, "அந்த அம்மா வயர் இழுக்கல. நான்தான் தப்பா மாட்டினேன். பார்க்கச் சொல்லிக் கேட்டாங்க, பார்க்கல" என்றார். அது விளங்கியது.

"அப்போ எங்க மீட்டர்லயும் இதே கதைதானா?" என்று முதல் மாடிக்காரர் சத்தம் போட்டார். "ஏன்யா, உன்னை நம்பித்தானே மாசாமாசம் கட்டுறோம்?"

"போர்டு போர்டாத் திறந்து காட்டுறேன் சார்."

ஒவ்வொரு மாடியிலும் எல்லோரும் பார்க்கக் கிளாம்ப்பைக் கம்பியில் மாட்டினார். மற்ற மூன்றும் சரியாகவே இருந்தன. அதற்காக யாரும் அவரைப் பாராட்டவில்லை. ஜூலையில் உரக்கச் சிரித்தவர்கள் இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்கள். மறுநாளே கட்டடக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

நடந்ததை எழுதி, பணத்தோடு எப்போது வரலாம் என்று தையல்காரம்மாவுக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. டிசம்பரில் மறுபடி எழுதினார். தகரக் கூரையும் காலியாகி, அந்த அம்மா அண்ணன் ஊரோடு போய்விட்டதாகத் தெரிந்தது. விலாசம் விசாரித்து, ஜனவரியில் முழுத் தொகையையும் வங்கி வரைவோலையாக மூன்றாவது கடிதத்தில் வைத்து அனுப்பினார். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தால் டெஸ்டர் எழுந்து உள்ளே போய்விடுவார். கதவுக்குப் பின்னால் நின்று, "நமக்கு ஏதாவது இருக்கா?" என்று தங்கையைக் கேட்பார்.

வந்த பதிலை என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். "பணம் வந்தது. நீங்கள் சொன்னதை அங்கே இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார். மிஷின்களை விற்றாயிற்று. இனி எழுத வேண்டாம்." அவர் அதை வாங்கி இன்னொரு முறை தானே படித்தார். கடிதம் வந்தது பிப்ரவரி 19.