நெல் அறையில் அம்மா பார்த்த கிரகணம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் சுற்றத்தார் பலர் இந்த நினைவு மலரில் அம்மாவின் பொறுமையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். பொறுமைசாலி என்று ஒரு பட்டத்தைக் கட்டிவிட்டால் ஒருவரை எத்தனை காலம் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம். எனக்கு அந்தப் பட்டத்தின் மேல் நெடுநாள் கோபம். ஆகவே மகன் என்ற உரிமையில் அம்மாவின் ஆசையைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மா பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த வீட்டில் கிணற்றுமேட்டில் மல்லாந்து படுத்து வானம் பார்த்து வளர்ந்த பெண். வாழ்க்கைப்பட்டு வந்த இடமோ எங்கள் தொட்டிக்கட்டு வீடு. நான்கு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம், நடுவே திறந்த முற்றம். கோயிலுக்கும் தாய்வீட்டுக்கும் தவிர அந்த வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டுவது வழக்கமில்லை. கிழக்குத் தாழ்வாரத்துக்கு மேல் ஏறி மேற்குத் தாழ்வாரத்தில் மறையும்வரை ஒரு நட்சத்திரம் அம்மாவுடையது. அதற்கு முன்னும் பின்னும் அது ஊராருடையது.

வீட்டுச் சாவிக்கொத்து பெரிய அத்தையிடம் இருந்தது. அப்பாவின் அக்கா அவர், அம்மாவுக்கு நங்கையா. இளம் வயதிலேயே தாலியிழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அவர் சொல்லுக்கு அப்பா மறுசொல் சொன்னதில்லை.

நெல்லியாம்பதி மலையில் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். சாய்வு நாற்காலி வாங்கப் போன அப்பா, அதை வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விடவே, வெறுங்கையோடு வர வெட்கப்பட்டுப் பித்தளையில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை வாங்கி வந்தார். கையில் பிடித்துப் பார்த்தால் நட்சத்திரம் வெட்டுக்கிளியாய்த் துள்ளியது. நாலு நாளில் அப்பாவுக்குச் சலித்துவிட்டது. அம்மா முற்றத்துச் சுவரில் ஏணியைச் சாத்தி, குழலை அதன் படியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். உயரே பார்க்க மேல்படி, தாழப் பார்க்கக் கீழ்ப்படி. நிலவில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளையும், வியாழனை ஒட்டிப் பொட்டுப் பொட்டாய் நிற்கும் துணைகளையும் அம்மா அந்த ஏணியில்தான் கண்டார்.

ஆசை காட்டியவர் அப்பா. ஆகவே அடுத்ததும் அவர் தலையில் விடிந்தது. சென்னையிலிருந்து கால் வைத்த பெரிய குழல் ஒன்றை வரவழைத்தார். பாலக்காடு ரயிலடியிலிருந்து வண்டியில் வந்து இறங்கியதும் தென்னை மரத்தின் மேல் திருப்பினார்கள். மரம் தலைகீழாகத் தெரிந்தது. கள் இறக்கிக்கொண்டிருந்தவரும் தலைகீழாகத் தொங்கினார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், திருப்பி அனுப்புகிறேன் என்று அப்பா துள்ளினார். பெரிய அத்தையோ, குடியைக் கவிழ்க்கும் சாமான் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னார். அம்மா மட்டும் நிதானமாகக் கேட்டாராம்.

“ஏனுங்க, ஆகாசத்துல மேலயேது, கீழயேது?”

குழல் வீட்டில் தங்கியது.

ஹேவிளம்பி வருஷத் தை அமாவாசையன்று சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கம் சொன்னது. சூரியனைக் குழலில் கண் வைத்துப் பார்த்தால் பார்வை போய்விடும். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் பிம்பம் அதில் விழும். இதை அறிந்து அம்மா பலகையில் தாள் ஒட்டி, உச்சிப் பொழுதில் தினமும் பழகினார். அந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். அதற்குள் நான் வயிற்றில் வந்துவிட்டேன்.

கிரகணத்தின்போது கர்ப்பிணி இருட்டறையில் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கட்டுப்பாடு. சொறியக் கூடாது, துரும்பைக் கிள்ளக் கூடாது, முக்கியமாகப் பார்க்கக் கூடாது. அம்மா ஐந்து மாதம். தாளிலாவது பார்க்கட்டுமே என்று அப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தாராம். பெரிய அத்தை கொடுமைக்காரர் அல்லர். அவருடைய ஒரே குழந்தை செத்தே பிறந்தது. சூல்கொண்ட காலத்தில் ஒரு கிரகணத்தன்று தாம் அடுப்பங்கரைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்ததுதான் காரணம் என்று அவர் நம்பினார். பயந்துபோய்த்தான் அம்மாவை நெல் அறையில் விட்டுக் கதவைப் பூட்டினார். முற்றத்தில் அம்மா ஒட்டிய தாளில் வீடே கூடி நின்று கிரகணம் பார்த்தது. பலகையைப் பிடித்தவர் அப்பா. நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு பூட்டைத் திறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நெல் அறையில் சன்னல் கிடையாது. குரங்கு குதித்ததில் கூரை ஓடு ஒன்று விலகியிருந்தது. அந்தச் சிறு இடைவெளி வழியே தினமும் தரையில் காசளவு வெளிச்சம் விழும். அன்று அந்தக் காசு ஓரம் கடிபட்டது. பிறகு பிறையானது. கிரகணம் அம்மாவைத் தேடி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. கதவு திறந்ததும் அம்மா செய்த ஒரே பிழை, மகிழ்ச்சியை மறைக்காததுதான்.

“நானும் பாத்துட்டனுங்க நங்கையா. பொழுது கீழ எறங்கி வந்து எம்பக்கத்துலயே தேஞ்சுதுங்க.”

பெரிய அத்தை அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாராம்.

வைகாசியில் நான் பிறந்தேன், மேலுதடு பிளந்து. அதற்காக யாரும் அம்மாவைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. என்னைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள். குழல் பரணுக்குப் போனது. யாரும் தடுக்காமலே அம்மா அதை மறுபடி கேட்கவில்லை, முற்றத்தில் தலை நிமிர்த்தவும் இல்லை. எனக்கு மீசை முளைத்துப் பாதி ஊர் என் உதட்டை மறந்தது. அம்மா மறக்க மீசை ஏதும் உதவவில்லை. பெரிய அத்தை போய், அப்பாவும் போய், சாவிக்கொத்து அம்மாவின் இடுப்புக்கு வந்த பிறகும் அவர் வாசல் தாண்டவில்லை. திறந்து கிடந்த வீட்டில் அடைபட்டே இருந்தார்.

கடைசி மாதங்களில் அம்மாவைக் கோயம்புத்தூருக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் என் உதட்டைப் பார்த்துப் பேச்சுவாக்கில், இது கருவில் முதல் மூன்று மாதங்களுக்குள் ஏற்பட்டுவிடுவது என்றார். ஐந்தாம் மாதத்துக் கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். உங்கள்மேல் குற்றமே இல்லை அம்மா என்று அழுதேன். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

“உனக்கு ஆவாதுன்னு நானும் நம்புனேன் சாமி. அப்படி நம்பிக்கிட்டேதான் பாத்தேன். கண்ணை மூடியிருக்கலாம். மூடல.”

எந்த டாக்டர் வந்தும் திறக்க முடியாத பூட்டு அது. சமாதானம் சொல்வதை விட்டேன். அன்று பார்த்ததைப் பற்றிக் கேட்டேன்.

“நல்லாத் தெரிஞ்சுதுங்களாம்மா?”

அத்தனை வருஷத்தில் அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, தரையில் நடந்ததை விரலால் என் உள்ளங்கையில் வரைந்து வரைந்து காட்டினார். சாணி மெழுகிய தரையில் அந்தப் பிறை ஊர்ந்து ஊர்ந்து தம் வயிற்றின் மேல் ஏறியதாம். அசையக் கூடாது என்று கட்டளையிட்டிருந்ததால் அசையாமல் படுத்திருந்தாராம். அதைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் காலமானார்.

அம்மாவின் நோயில் இரவு பகல் பாராது உடனிருந்த அத்தை மாமன்மார்க்கும், வண்டி கட்டி வந்த அக்கம்பக்கத்தார்க்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நினைத்து உச்சுக்கொட்டிய உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இனியும் பாருங்கள், தாராளமாக அம்மாவை நினையுங்கள். ஆனால், “என்ன பார்த்தாய் அம்மிணி?” என்று அவரை ஒரு முறை கேட்டிருக்கலாமே என்றும் நினையுங்கள்.