கட்டைவிரலால் மறைத்த சிலிக்கன்

நோர்வூட்டில் கராஜ் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. எஞ்சின் தெரியாமல் நான் செய்த பிழைகள் நிறைய உண்டு. இங்கே எழுதுவது, தெரிந்தே செய்த ஒன்றை.

சிவலிங்கமும் நானும் ஒரே பாஸிடம் வேலை பழகியவர்கள். அவன் எனக்கு நாலு வருஷம் இளையவன். பிறகு ஹட்டனில் தனியாகக் கராஜ் போட்டான், ஸ்கேனர் வாங்கினான். அதோடு என் கஸ்டமர்கள் என்னிடமே, "சிவாகிட்டயும் ஒருக்கா காட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "தாராளமா காட்டுங்க" என்பேன். அன்றைக்கு முழுக்கக் கையில் எடுத்த ஸ்பானர் ஒன்றும் சரியாக உட்காராது.

ராஜேந்திரனின் கார்

ராஜேந்திரன் பழைய ஜப்பான் கார் ஒன்றை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டுகிறவர். கினிகத்தேனை ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீரில்லாமல் ஓடி, எஞ்சின் புளொக்கே வெடித்துவிட்டது. ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று வாங்கி மாற்றுவதுதான் வழி. ஜப்பானில் கழற்றி கன்டெய்னரில் வருகிற பழைய எஞ்சினைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

அவருக்கு அவசரம் இருந்தது. சிறுநீரகம் பழுதான எங்கள் ஊர்ப் பாக்கியம் டீச்சரை வாரம் இரண்டு தரம் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப் போகிறவர் அவர்தான்.

"அண்ணே, கொழும்புக்குப் போய் நீங்கதான் பார்த்து எடுத்துத் தரணும்" என்றார். எனக்குப் பெருமை. மறுநாள் அவர் பிடித்து வந்த வேனில் ஏறினால் முன் சீட்டில் சிவலிங்கம்.

"ரெண்டு பேர் பார்த்தா நல்லதுதானேண்ணே" என்றார் ராஜேந்திரன். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

யார்டில்

கொழும்புக்கு வெளியே பழைய எஞ்சின் விற்கிற ஒரு யார்ட். எங்களுக்குப் பொருந்துகிற எஞ்சின் இரண்டு இருந்தது. ஒன்று ஸ்டீம் அடித்துப் பளபளவென்று நின்றது. மற்றது கிரீசும் தூசியும் அப்பிக் கறுப்பாகக் கிடந்தது.

நான் முதலில் கறுப்பைத்தான் பார்த்தேன். ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே தேன் நிறம், கசடில்லை. தண்ணீர் வாயில் துரு இல்லை. புல்லியில் ஸ்பானர் போட்டுச் சுற்றினால் நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி அழுத்தம் காட்டியது. இதுதான் என்று மனதில் முடிவாகிவிட்டது. சொல்ல வாயெடுப்பதற்குள் சிவலிங்கம் சொல்லிவிட்டான்.

"ராஜேந்திரண்ணே, இந்த அழுக்கு எஞ்சினை எடுங்க. யாருமே திறக்காத எஞ்சின்."

ராஜேந்திரன் அவனைப் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

பளபளப்பானதின் பக்கம் போனேன். அடியில் ஒயில் தேங்குகிற சம்ப் ஓரத்தில், கசிவை அடைக்கிற சிலிக்கன் பசை புதிதாகப் பூசியிருந்தது. இங்கே வந்த பிறகு யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். ஒரு பிளக்கைக் கழற்றினேன். நுனி ஒயிலில் நனைந்திருந்தது; உள்ளே ரிங் தேய்ந்த எஞ்சின். துடைத்து மாட்டினேன். ராஜேந்திரன் பக்கத்தில் வந்து குனிந்தபோது, அந்தச் சிலிக்கன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"இதை எடுங்க. அந்தக் கறுப்பு ரொம்ப நாள் ஓடாம கிடந்தது, அதான் அவ்வளவு அழுக்கு. பூட்டப் போறது நான். நான் பொறுப்பு."

சிவலிங்கம் என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரி" என்று நகர்ந்துவிட்டான்.

நானுஓயா ஏற்றம்

பூட்டினேன். முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது வாரம் நீலப் புகை வந்தது. ராஜேந்திரன் ஒயில் ஊற்றி ஊற்றி ஓட்டினார். "புதுசா பூட்டின எஞ்சின், கொஞ்சம் ஓடினா செட் ஆகும்" என்று சமாளித்தேன்.

ஒரு மழை நாளில் அவரிடமிருந்து போன். நானுஓயா ஏற்றத்தில் எஞ்சின் 'டக்டக்' என்று அடித்து நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சிவலிங்கம் ஏற்கனவே காருக்கு அடியில் படுத்திருந்தான். முதல் போன் அவனுக்குப் போயிருக்கிறது. அந்த நேரத்திலும் அதுதான் எனக்குச் சுட்டது.

"டீச்சர் எங்கே?"

"மரக்கறி லொறியை மறிச்சு ஏத்திவிட்டேன். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, முன் சீட்டுக்குத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்திச்சு" என்றார் ராஜேந்திரன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "சிவா, அன்னைக்கே எனக்குத் தெரியும். நீ முந்திச் சொன்னதாலதான் மாத்திச் சொன்னேன்" என்றேன்.

அவன் அடியிலிருந்து வெளியே வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"எனக்கும் தெரியும்ண்ணே. நீங்க விரலால மறைச்சதையும் பார்த்தேன். இன்னும் ரெண்டு வார்த்தை நான் பேசியிருக்கலாம். பேசல. உங்க கையில கெட்டுப் போகட்டும், அப்புறம் எல்லாரும் என்கிட்டதான் வருவாங்கன்னு நினைச்சேன்."

ராஜேந்திரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மழை அவர் முகத்தில் வழிந்தது, துடைக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போட்டி போட என் கார்தானா கெடைச்சிச்சு?"



அந்தக் கறுப்பு எஞ்சினை அதற்குள் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். நானும் சிவலிங்கமும் எங்கள் சொந்தச் செலவில் இன்னொன்று தேடி எடுத்து, சேர்ந்தே பூட்டிக் கொடுத்தோம். அது முடியும் வரை சிவலிங்கத்தின் வேன்தான் டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ராஜேந்திரன் இப்போது சர்வீசுக்கு ஹட்டனுக்கு, சிவாவிடம்தான் போகிறார். என் கராஜைத் தாண்டிப் போகும்போது கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். வயிறு எரியத்தான் செய்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பொறாமை போகட்டும் என்று காத்திருந்தால் அது போகாது. நான் இப்போது வேறொரு மெக்கானிக்கோடு எஞ்சின் பார்க்கப் போனால், அவர் வாய் திறக்கும் முன்னே வண்டிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு என் முடிவைச் சொல்லிவிடுவேன். பிறகு அந்த மெக்கானிக் அதையே சொன்னாலும், மாற்றிப் பேச எனக்கு இடமில்லை.